நான் போடாத கையெழுத்து

அப்போது நான் வில்லியனூர் கொம்யூன் அலுவலகத்தில், அதாவது பிரெஞ்சு சர்க்காரின் ஊராட்சி அலுவலகத்தில், குமாஸ்தா. வேலைநிறுத்தம் செய்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட மில் தொழிலாளிகளை விடுவிக்கக் கோரி, ஊரார் பிரெஞ்சு கவர்னருக்கு மனு எழுதினார்கள். சிறையிலிருந்த என் நண்பன் துரைசாமியின் மனைவி அஞ்சலை அதை என்னிடம் நீட்டினாள்.

"சர்க்கார் வேலை போயிடும்மா. நாலு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?" என்றேன்.

"பரவால்லண்ணா," என்று மனுவை மடித்துக்கொண்டு போனாள்.

சில மாதங்களில் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. எலும்பும் தோலுமாக இருந்த துரைசாமி அஞ்சலையோடு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"சர்க்கார் வேலைல இருந்துக்கினு எனக்காகக் கையெழுத்து போட்டியாமே! அஞ்சல சொன்னாடா," என்று கட்டிக்கொண்டு அழுதான்.

அவன் தோளுக்கு மேலே அஞ்சலையைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் சாகும்வரை உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கும் யாராவது என்னை நல்லவன் என்றால் உடம்பு கூசுகிறது.