நடுவில் நுழையாதவர்

வாசலில் இரண்டு தண்ணீர்ச் சாடிகள் இருந்தால் அசலியா அவற்றின் நடுவே வர மாட்டார். சுவரை உரசிக்கொண்டு சுற்றித்தான் வருவார். தெருவில் இரண்டு கழுதைகள் நின்றால், ஒன்று நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று வம்பளந்தால், வந்த வழியே திரும்பிவிடுவார். எருசலேமின் எண்ணெய்க் கடைத்தெரு முழுக்க இதைப் பார்த்துச் சிரிக்கிறது.

“அத்தான், அந்தக் கன்னுக்குட்டி இன்னும் உங்களத் துரத்துதா?” என்பான் மனைவியின் தம்பி பசேயா.

“ஏன், உன்னத் துரத்தலையா?” என்பார் அசலியா.

ஒலிவ எண்ணெய் வியாபாரம். எண்ணெயை நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. உள்ளங்கையில் தேய்த்து முகர்வார், மிச்சத்தைத் தாடியில் துடைத்துக்கொள்வார். பாபிலோனிலிருந்து வந்த கல்தேயர் படை ஊரை வளைத்துக்கொண்டு கிடந்த மாதங்களில் சாடிகள் காலியாயின. தாடியும் காய்ந்துபோனது.

அப்போதுதான் ராஜா எல்லோரையும் ஆலயத்துக்கு வரச் சொன்னார். சொந்த ஜனத்தை அடிமையாக வைத்திருப்பவர்கள் விட்டுவிட வேண்டும் என்று கடவுளின் முன்னால் உடன்படிக்கை. ஏழாம் வருஷம் விட்டுவிடு என்பது, எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்தவர்களை மீட்டுவந்த கையோடு அந்தக் கடவுளே சொன்னதுதான். யார் கேட்டார்கள்? எதிரி மதிலடிக்கு வந்ததும் அத்தனை பேருக்கும் பக்தி பொங்கிவிட்டது. கன்று ஒன்றை இரண்டாகப் பிளந்து, பாதிகளை எதிரெதிரே வைத்தார்கள். நடுவே நடக்கிறவன் வாக்குத் தப்பினால் அந்தக் கன்றின் கதி அவனுக்கும் வரட்டும் என்று பொருள். பெரிய மனிதர்கள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்கள். அசலியா மெதுவாக நடந்தார். செருப்பு நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, மாவரைத்துக்கொண்டிருந்த தீர்சாளிடம், “போம்மா, இனி நீ யாருக்கும் அடிமை இல்ல” என்றார். அவளுடைய ஏழாம் வருஷம் வந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் குழவியை ஓரமாக வைத்துவிட்டு, கையிலிருந்த மாவைக்கூடத் தட்டாமல் வெளியேறினாள்.

பிறகு எருசலேமுக்கு உதவியாக எகிப்தின் படை வருவதாகச் செய்தி வந்தது. கல்தேயர் கூடாரங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஊர் மூச்சுவிட்டது. மூச்சுவிட்ட சூட்டோடு, விட்டுவிட்ட அடிமைகளையெல்லாம் வீடு வீடாகத் திரும்ப இழுத்து வந்தது. வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

மனைவி எப்சிபாள் கெட்டவள் இல்லை. அவளுக்கு முதுகுவலி. மாவரைத்துக் கொப்பளித்த உள்ளங்கையைத் தினமும் அவர் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

“ஊரே கூப்பிட்டுக்கிச்சு. நமக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?”

“நடந்தேனே, எப்சி.”

“எல்லாருந்தான் நடந்தாங்க.”

இதற்கு மேல் பேச அவருக்குச் சலிப்பாக இருக்கும். தன்னை நீதிமான் என்று அவர் நினைத்துக்கொள்ளவில்லை. “நான் ஒண்ணும் நல்லவன் இல்லப்பா. இன்னொரு சத்தியம் பண்ணி, அதையும் முழுங்கறதுக்குத் தெம்பு இல்ல” என்று பசேயாவிடம் சொல்வார். “நம்ம தகப்பன் ஆபிரகாம், கடவுள் வாக்குக் குடுத்த அன்னிக்கு நடக்கவே இல்ல, தெரியுமா? துண்டுங்கள வெட்டி வச்சிட்டுத் தூங்கிட்டாரு. கடவுள் மட்டும் நெருப்பா நடுவுல போனாரு. வாக்குக் குடுத்ததும் அவரு, தப்புனா அடி எனக்குன்னு நடந்ததும் அவரு. நாம சலிச்சுக்கறோம். நம்மளக் கட்டிக்கிட்டு அழற அவருக்கு எவ்வளவு சலிக்கும்?”

“அத்தான் கடையில எண்ணெய் இல்லன்னாலும் பேச்சு வழுக்குது” என்று பசேயா எழுந்து போவான்.

அவன்தான் நேற்று சாயங்காலம் தீர்சாளின் மணிக்கட்டைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தான். “கிணத்தடியில நின்னுக்கிட்டிருந்தா. அக்கா முதுகு ஒடியறத என்னால பாக்க முடியல.”

அவன் கையை விட்டதும் தீர்சாள் யாரையும் பார்க்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. தானாகப் போய் மாவுக்கல்லின் முன்னால் மண்டியிட்டு, குழவியை எடுத்துக்கொண்டாள். அதைத்தான் அசலியாவால் பார்க்க முடியவில்லை. அவள் எதிர்த்துக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“வந்தவ வந்துட்டா. இப்ப நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்” என்றாள் எப்சிபாள்.

வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு எளிது. அவ்வளவு களைப்பாக இருந்தது.

முற்றத்தில் பசேயா ஒரு பக்கமும் எப்சிபாள் ஒரு பக்கமுமாக நின்றிருந்தார்கள். மாவுக்கல் அவர்களுக்கு அப்பால். சுவரோரமாகச் சுற்றிப் போக இடம் இருந்தது. அசலியா செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் இருவருக்கும் நடுவே நடந்தார்.

“எந்திரிம்மா.”

தீர்சாள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் கையிலிருந்த குழவியை வாங்கிக்கொண்டு, அவள் எழுந்த இடத்தில் மண்டியிட்டு, ஒரு பிடி தானியத்தை அள்ளிக் கல்லின் மேல் போட்டார்.