மணி முறைப் பலகை

மோகனூருக்கு அருகே ஒரு ஜெபக்கோயிலில் உபதேசியாராக இருந்த ஏசுவடியானுக்கு எல்லாரிடமும் பயம். மிஷன் பாதிரி ஐயரிடம் பயம், ஊர் மணியக்காரரிடம் பயம், மனைவியிடமும் கொஞ்சம்! அந்த மனிதரைத்தான் 1942 ஆவணியில் போலீஸ் இன்ஸ்பெக்டர் கோயிலுக்குள்ளேயே வைத்துப் பூட்டினார்.

முந்தின நாள் சாயங்காலம் நாமக்கல் ரோட்டில் யாரோ தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்கள். கதர் கட்டுகிறவன் என்று சின்னுசாமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவன் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தான். அங்கே தினம் ஒரு வீட்டாருக்கு மணி முறை. சுவரில் மாட்டிய சிலேட்டில் பேர் இருக்கும்; அடித்தவர் ஜெபம் முடியும்வரை இருந்தால் உபதேசியார் பக்கத்தில் சிலுவைக்குறி போடுவார். சின்னுசாமிக்கும் போட்டிருந்தார்.

"இந்தப் பேரை அழிச்சு, உம்ம எழுத்துலயே வேற பேர் எழுதும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன் இங்கதானுங்க இருந்தான்..."

"கோயில் நிக்கறது சர்க்கார் நிலம், பள்ளிக்கூடம் நடக்கறது சர்க்கார் உதவி. மத்தியானம் வருவேன். எழுதியிருக்கணும்!"

பூட்டு விழுந்தது. ஓட்டுக்கூரை கொதித்தது. பள்ளிக்கூடத்து நாற்பது பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். 'அரசியலில் தலையிடாதே' என்ற ஐயரின் கடிதமும் நினைவுக்கு வந்தது. விரலை எச்சிலில் நனைத்துச் சிலுவைக்குறியை அழித்தே விட்டார்!

பிறகு வெள்ளையாகிப்போன தன் விரலைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ! சுண்ணக்கட்டியைத் தேடி எடுத்துக் குறியை மறுபடி போட்டார். மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

வேளை கெட்ட வேளையில் மணி அடித்தால் சாவு என்று அர்த்தம். ஊரே ஓடிவந்தது. முன்னால் சின்னுசாமி மனைவி ஆராயி.

"ஏனுங்க, ஆருங்க செத்தது?"

"ஆரும் சாகலே ஆராயி," என்றார் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து. "எல்லாரும் கேட்டுக்குங்க. நேத்து மணியடிச்சது சின்னுசாமி. ஜெபம் முடியறவரைக்கும் இருந்தான். நான் கண்ணுல பாத்தேன்."

சிலேட்டைக் கம்பி வழியே நீட்டினார். "நாமக்கல் கோர்ட்டுல குடுத்துரு. ஈரம் படாமப் பாத்துக்க."

"நீங்க வாரலீங்களா?"

"கதவு பூட்டியிருக்குதே, ஆத்தா!"

யாரோ சிரித்தார்கள். ஆராயி சிரிக்கவில்லை; சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே பார்த்தார். சுவரில் வெறும் ஆணி.

"பலகை எங்கய்யா?"

"நாமக்கல் போயிருச்சுங்க."

சாவி இன்ஸ்பெக்டர் கையில்தான் இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.