கை வெச்சா அதிரோணும்

சேலத்தில், பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என்னைப் போலவே நெட்வொர்க் தேர்வுக்கு வீட்டில் பழக, கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி வாங்க வந்திருந்தார். சேலையில் பஞ்சுத் தூசி. ஒவ்வொரு ஸ்விட்சையும் உள்விசிறி சுழல ஓடவிட்டு, மேலே உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

விசிறி இல்லாத, சத்தம் போடாத ஸ்விட்ச் ஒன்றுதான் இருந்தது. அது அவர் கையில். வீட்டில் கைக்குழந்தை தூங்கணும் என்று தயங்கிக் கேட்டேன்.

“நீங்களே எடுத்துக்கோங்க. எங்கூட்டுல தறிச் சத்தத்துல இது ஓடுதா நின்னுருச்சான்னு காதுக்குத் தெரியாதுங்க. கை வெச்சா அதிரோணும்.”

இருந்ததிலேயே அதிகம் இரைந்ததைத் தூக்கிக்கொண்டு போனார்.

குழந்தை நன்றாகத் தூங்குகிறது. படிக்க உட்காரும்போதெல்லாம் நான் ஸ்விட்ச் மேல் கை வைக்கிறேன்; அதிர்வதில்லை. பச்சை விளக்கு எரிந்தாலும், ஓடுகிறதா என்று சந்தேகமாகவே இருக்கிறது.