தப்புக்கு எத்தனை வார்த்தை

என் அக்காவுக்கு எங்கள் வீட்டில் ரெட்டை நாக்கு என்று பெயர். வேறு யாரையாவது அப்படிச் சொன்னால் சட்டையைப் பிடிப்பார்கள். அக்கா சிரித்துக்கொள்வாள். பெயர் வைத்தவர் அத்தான், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வேலையிடத்துச் சண்டைகளை விசாரிக்கும் மன்றத்தில் அக்கா மொழிபெயர்ப்பாளர். தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும், அதுவும் அந்த இடத்திலேயே. யோசிக்க நேரம் கிடையாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் வாஷிங் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மாலை வரை காதில் ஒரே வசைதான். அங்கேதான் ஆங்கிலத்தின் நெளிவு சுளிவு பிடிபட்டது என்பாள். "மிஸ்டேக் ஆகிடுச்சுன்னு ஆரம்பிக்கிறவங்க நல்லவங்க. சரி பண்ணிக் கொடுத்தா தேங்க்ஸ் சொல்லிட்டு வச்சிடுவாங்க. அன்ஃபேர்னு சொல்றவங்க கிட்டத்தட்ட அழற நிலைமையில இருப்பாங்க, அவங்ககிட்ட கொஞ்சம் பேச்சுக் கொடுக்கணும். அன்ஜஸ்ட்னு சொன்னாங்கன்னு வை, நேரா மேனேஜர்கிட்ட லைனைக் கொடுத்துட வேண்டியதுதான். அது மெஷின் பிரச்சனை இல்ல."

"அப்போ ராங்னா?" என்று அத்தான் கேட்பார்.

"அதுதான் ரொம்ப மோசம். அது எல்லாப் பக்கமும் போகும்."

அது எப்படி எல்லாப் பக்கமும் போகும் என்பதை நான் நேரில் பார்த்தேன். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறேன். மருத்துவர் வெளியூர் போயிருந்த ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. அக்கா வேலை செய்வதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், ஆனால் யாரும் வருவதில்லை. நீண்ட மேசை, தண்ணீர் ஜாடி, சரியாக மூடாத ஜன்னல். தலைவராக இருந்த அம்மாள் வயதானவர். இருமலுக்கு ஒரு மிட்டாயை வாயில் ஒதுக்கிவைத்துக்கொண்டு பேசினார்.

வழக்குப் போட்டவர் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் துணி தேய்க்கும் பெண்மணி. எல்லோரும் இஸ்திரிக்காரம்மா என்றே சொன்னார்கள். பல வருஷம் அங்கே வேலை பார்த்தவர். ஒரு நாள் விருந்தாளி ஒருவரின் பட்டுக் கோட்டைத் தேய்க்கும்போது பின்னால் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பினார். இஸ்திரிப்பெட்டி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. கோட்டின் கைப்பகுதியில் பெரிய ஓட்டை. சூப்பர்வைசர் ஓடிவந்து என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்க, இந்த அம்மாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ டூ ராங்" என்றிருக்கிறார். வேண்டுமென்றே செய்ததாக அவளே ஒப்புக்கொண்டாள் என்று மேலே செய்தி போனது. மறுநாள் வேலை போய்விட்டது.

ஹோட்டல் தரப்பு வக்கீல் இளைஞர், மரியாதையானவர். குரலை உயர்த்தவே இல்லை. ராங் என்று சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன் என்றார் இஸ்திரிக்காரம்மா. என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்றார்.

"தப்பு என்னுதுதான்னு சொன்னேன்."

அக்கா வாயைத் திறந்தாள். மூடிவிட்டாள். பிறகு தலைவரைப் பார்த்து, "இந்தச் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தன்னையே மூன்றாம் ஆள் மாதிரி சொல்லிக்கொண்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அங்கே அதுதான் முறையாம். தமிழில் தப்பு என்றால் தெரியாமல் நேர்ந்த பிசகும் தப்புதான், தெரிந்தே செய்த கெட்ட காரியமும் தப்புதான், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல், நானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விளக்கினாள்.

ஹோட்டல் வக்கீல் தனக்கு மறுப்பில்லை என்றார். தலைவர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, கேளுங்கள் என்றார்.

"தப்புன்னு சொன்னீங்களே, அது கை தவறி நடந்ததா, தெரிஞ்சே செஞ்சதா? எதைச் சொல்றீங்க?"

இஸ்திரிக்காரம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "இதென்ன கேள்விம்மா? யாராவது தெரிஞ்சே துணியைப் பொசுக்குவாங்களா? கைதான் தவறிடுச்சு. ஆனா கை என் கைதானே? அதனால தப்பு என்னுதுன்னேன்."

"அப்போ ராங்னு சொன்னது?" என்றாள் அக்கா.

"ராங் நம்பர்னு சொல்றோமே. அந்த ராங்தான். எனக்கு வேற எந்த ராங் தெரியும்?"

அக்கா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். ராங் நம்பர் வந்தபோது வக்கீலே குனிந்து சிரித்துக்கொண்டார். என் கை, ஆகவே என் தப்பு என்ற இடத்தில் ஃபால்ட் என்ற சொல்லைப் போட்டாள். அதைச் சொல்வதற்கு முன் அவள் விரல் மேசை விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்தது. வீட்டில் தக்காளி வாங்கும்போது அழுத்திப் பார்க்கிற அதே விரல்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்புறம்தான் வந்தது வினை. தலைவர் இஸ்திரிக்காரம்மாவைப் பார்த்து, உங்களை நடத்திய விதம் அன்ஃபேர் என்று சொல்கிறீர்களா என்று கேட்டார். வழக்கே அந்தச் சொல்லில்தான் நின்றது.

"உங்களுக்கு நடந்தது அநியாயம்னு சொல்றீங்களா?" என்றாள் அக்கா.

"ஐயய்யோ, அநியாயமெல்லாம் இல்லம்மா."

இஸ்திரிக்காரம்மாவின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். சொன்னதைச் சொல்லத்தானே வேண்டும்? அக்கா முதலில் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். இஸ்திரிக்காரம்மா இன்னும் முடிக்கவில்லை. "அநியாயம்னா கொலை, கொள்ளை, குடியைக் கெடுக்கிறது. அவ்வளவு பெரிய வார்த்தையை என் வாயால எப்படிச் சொல்றது? அந்த ஹோட்டல் சோத்தைத்தானே இத்தனை வருஷம் தின்னேன்."

அதையும் சொல்லி முடித்தபின் அக்கா எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "பிழை மொழிபெயர்ப்பாளருடையது. கேட்கப்பட்ட ஆங்கிலச் சொல்லைவிடக் கனமான தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டேன். கேள்வியை மறுபடி கேட்க அனுமதி வேண்டும்" என்றாள். தன் பிழைக்கு அவள் எடுத்த சொல் எரர். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கோலிக்குண்டு ஆட்டத்தில்கூடத் தோற்றேன் என்று சொல்லமாட்டாள்.

தலைவர் அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கேள்வியை அதே சொற்களில் திரும்பக் கேட்டார்.

"உங்களை அவங்க நடத்தின விதம் நியாயமா இருந்துச்சா, இல்லையா?" என்றாள் அக்கா இந்தத் தடவை.

இஸ்திரிக்காரம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டினார், பிரித்தார்.

"இல்லம்மா. நியாயமா இல்ல. கோட்டு வீணாப் போச்சு, அவங்களுக்குக் கோபம் வரும், எனக்குப் புரியுது. ஆனா என்னைக் கூப்பிட்டு, என்ன ஆச்சும்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? யாருமே கேக்கல. இவங்கதான் முதல்ல கேக்கறாங்க."

கடைசியில் இவங்கதான் என்று அவர் கைகாட்டியது அக்காவை. அக்கா அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அந்தம்மா கேஸ் தோத்துப்போனா அது என்னாலதான்."

"உடனே திருத்திட்டியே," என்றார் அத்தான். "நான் பிரேக்கை மாட்டறப்போ தலைகீழா மாட்டிட்டா திரும்பக் கழட்டித்தான் மாட்டுவேன். அப்படியே வண்டியை வெளியே விட்டாத்தான் தப்பு."

"அது எந்தத் தப்பு?"

"அதை நீதான் சொல்லணும். எனக்குப் பசிக்குது."

அக்கா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அப்புறம்தான் சாப்பிட்டாள்.

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. விசாரிக்காமல் வேலையை விட்டு அனுப்பியது அன்ஃபேர், திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று. ஹோட்டல்காரர்கள் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. இஸ்திரிக்காரம்மா பழைய இடத்துக்கே போனார். அக்கா அதன் பிறகு ஒரு புது வழக்கம் வைத்துக்கொண்டாள். விசாரணை தொடங்குமுன் தப்பு, குற்றம், நியாயம் என்று வரக்கூடிய சொற்களை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்ப்பாள். குளியலறையிலிருந்து முணுமுணுப்பு கேட்டால் இன்றைக்கு விசாரணை இருக்கிறது என்று அத்தானுக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் நானும் அக்காவும் செருப்பு வாங்கப் போனோம். கடையில் எதிரே இஸ்திரிக்காரம்மா, ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் பழையதுமாக நின்றார். அக்காவைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, அன்னைக்கு விசாரணை நடந்த இடத்து வாசல்ல உங்களைப் பார்த்துச் சிரிச்சேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்களே?"

"விசாரணை முடியற வரைக்கும் பேசக் கூடாதுக்கா. அது சட்டம்."

"நான் என்னவோ என்மேல கோபமோன்னு நினைச்சேன். நீங்க பெரிய மனுஷி, கேட்ட கேள்விக்கு எகத்தாளமா பதில் சொன்னோமேன்னு."

"கோபமா? உங்களை நினைச்சா எனக்குச் சிரிப்புதான் வரும்."

"சிரிங்க, சிரிங்க. இந்தக் கலர் எனக்கு எடுக்குதா, சொல்லுங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். கொஞ்சம் தள்ளி நின்றும் பார்த்தாள். பழுப்பு வேண்டாம், கறுப்பு எடுங்கள் என்றாள். கறுப்பில் தூசி பளிச்சென்று தெரியும் என்று இஸ்திரிக்காரம்மா ஆரம்பித்தார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து வாதாடத் தொடங்கிவிட்டார்கள். கடைக்காரர் பெட்டிமேல் பெட்டியாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். எனக்குச் செருப்பு பார்க்க வந்தோம் என்பதே அக்காவுக்கு மறந்துபோயிருந்தது.