நெடி இல்லாத மிளகாய்

இலுப்பூருக்கு மேற்கே பாறைக்காட்டில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ராக்கன், 1956 மாசியில் ஒருநாள், வெடிப்புகை கலைவதற்கு முன்பே உள்ளே இறங்கிவிட்டான். மேலே தூக்கியபோது மூச்சு இல்லை. வீட்டில் கொண்டுவந்து கிடத்தியதும் அவன் மனைவி முனியாயி, துண்டின் முனையில் இருந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். கூழுக்குக் கடித்துக்கொள்ளக் காலையில் இரண்டு மிளகாய்ப்பழம் கொடுத்தனுப்பியிருந்தாள். ஒன்று மிச்சமிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அது மாடக்குழியில் கிடந்து சுக்காகக் காய்ந்துவிட்டது. தின்னவும் மனசில்லை, எறியவும் மனசில்லை. பிட்டு விதையை உதிர்த்தாள். ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, மிதந்ததை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைச் சாம்பலில் பிரட்டினாள். உடைந்த குடத்தின் அடிப்பாகத்தில் மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் நிரப்பித் தூவி, பனையோலையால் மூடினாள். பத்தாம் நாள் ஓலையைத் தூக்கியபோது பதினோரு முளைகள் தலை குனிந்து நின்றன. நல்லதாக மூன்றை விட்டு மற்றதைப் பிடுங்கினாள்.

முனியாயிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. மண்டியில் கடலை உடைத்துப் பிழைத்தாள்.

ஆவணியில் செடி சிவக்கச் சிவக்கக் காய்த்தது. பறித்து முற்றத்தில் காயவைத்திருந்தபோது பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் வந்தாள்.

"அக்கா, புள்ள ரெண்டு நாளா பால் குடிக்க மாட்டேங்குது. சுத்திப் போடணும். நாலு வத்தல் தாங்க."

முனியாயியும் கூடப் போனாள். உப்போடும் தெருமண்ணோடும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, இருவரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மிளகாய் கறுத்துச் சுருண்டு சாம்பலானது. தும்மல் வரவில்லை, இருமலும் வரவில்லை.

"நெடியே இல்லையேக்கா!" இன்னாசியம்மாள் பிள்ளையை அள்ளி அணைத்துக்கொண்டாள். "எவ்வளவு பெரிய கண்ணு பட்டிருக்கு!"

பிள்ளை தேறிவிட்டது. ஆனால் அந்த மாதமே வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் முனியாயியிடம் வற்றல் வாங்கிச் சுற்றிப் போட்டார்கள். அங்கேயும் நெடி வரவில்லை. தெரு முழுக்கக் கண் பட்டிருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியது.

முனியாயி குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான பெரியண்ணன் ஒரு நடுப்பகலில் இரண்டு சட்டிகளில் நெருப்பு அள்ளிவந்து தெருவில் வைத்தார். ஒன்றில் கடை மிளகாயைப் போட்டார். கூடி நின்றவர்கள் இருமித் தவித்தார்கள். படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. நெடி அடங்கியதும் மற்றதில் முனியாயியின் மிளகாயைப் போட்டார். வெள்ளையாகப் புகை எழும்பியது. பெரியண்ணன் அதன் மேல் முகத்தை நீட்டினார். கண்கூட எரியவில்லை. அதே வற்றலில் ஒன்றை எடுத்துக் கடித்தார். அடுத்த நொடி துப்பிவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்.

"கடிச்சா உயிரு போகுது. தீயில போட்டா சத்தமில்லாமக் கெடக்கு. இது நல்லதுக்கில்ல முனியாயி, புடுங்கி எறிஞ்சிரு."

"புடுங்க மாட்டேண்ணே. அந்த மனுசன் பொகையில மூச்சு முட்டிச் செத்தாரு. அவரு முடிஞ்சு வச்சிருந்த காய் இன்னொருத்தருக்கு மூச்சு முட்ட விடுமா?"

பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அதன்பின் மண்டியில் கூட அவளை ஒட்டி யாரும் உட்காரவில்லை.

அவளுக்கே ஒருமுறை பயம் வந்தது. புரட்டாசி வெயிலில் வேலை முடிந்து வந்தவள், கொல்லையில் வேப்பிலைகூட அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். குடத்துச் செடிகள் மூன்று மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, மேல்மூச்சு வாங்குகிறவனின் நெஞ்சைப்போல. கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு செம்பில் தண்ணீர் மொண்டுவந்து, "இந்தாங்க, குடிங்க" என்று ஊற்றினாள். செடிகளின் அசைவு நின்றது.

மார்கழிப் பனியில் இன்னாசியம்மாள் மறுபடி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இழுப்புக்கா. தாளிச்சா அந்த நெடியில மூச்சே நின்னு போகுது. ஒங்க வத்தல் பத்துத் தாங்க."

முனியாயி ஒரு படி நிறைய அள்ளிக் கொடுத்தாள். இன்னாசியம்மாளின் கணவர் மரியசெல்வம் அன்று அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து இருமாமல் சாப்பிட்டார். விசயம் பரவி, இழுப்புக்காரர் உள்ள வீட்டினர் அங்கிட்டும் இங்கிட்டும் இருந்து தேடி வந்தார்கள். ஆனால் யாருமே கொல்லைப்பக்கம் போனதில்லை.

இன்னாசியம்மாள் அந்த வற்றலிலிருந்தே விதை எடுத்து, முனியாயி சொன்னபடியே தன் வீட்டில் விதைத்தாள். நன்றாகத்தான் காய்த்தது. முதல் தடவை தாளித்ததுமே வீட்டிலிருந்த அத்தனை பேரும் வெளியே ஓடிவந்தார்கள். விதை வாங்கிப்போன மற்றவர்களுக்கும் அப்படியே நடந்தது.

1959 ஐப்பசி மழையில் குடத்துக்குள் தண்ணீர் நின்று மூன்று செடிகளும் வேரழுகிச் செத்தன. கடைசிக் காயின் விதையை முனியாயி அதே மண்ணில் போட்டாள். பங்குனியில் பழுத்தது. காயவைத்து, எண்ணெயில் ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். நெடி குப்பென்று ஏறியது.

இருமல் சத்தம் கேட்டு இன்னாசியம்மாள் ஓடிவந்தாள். முனியாயி சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டாரு இன்னாசி," என்றாள்.

அன்று அவள் சமைக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல மண்டிக்குப் போனாள். அடுத்த சந்தையில் கத்தரி விதை வாங்கிவந்தாள்.