லாச்சப்பல் கிளையின் ஒற்றை வாக்கு

சிவாஜினி அக்கா ஒரு கட்சியில் இருக்கிறார் என்றால் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சிரிக்கிற சனமும் உண்டு. வயது ஐம்பத்து மூன்று. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றின் கன்ரீனில் பதினெட்டு வருடமாக வேலை. வீடு தள்ளி, புறநகர் பியர்ஃபித்தில். இந்த ஓட்டத்துக்குள் கட்சி என்ன வேண்டிக்கிடக்கு என்று முகத்துக்கு நேரேயே கேட்பார்கள். பிரான்சை ஆளுகிற கட்சியா என்றால் அதுவும் இல்லை. சின்னக் கட்சி. ஆனாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தனக்கென்று ஒரு ஜனாதிபதி வேட்பாளரை நிறுத்தாமல் விடாது.

அந்த வேட்பாளர் யாரென்று முடிவு செய்வது கிளைகள்தான். ஒவ்வொரு கிளையும் கூடி வாக்கெடுத்து, முடிவைக் கொண்டுபோக ஒரு பேராளரை மாநாட்டுக்கு அனுப்பும். முதல் சுற்றில் பேராளர் கிளை சொன்ன பெயருக்குத்தான் போட வேண்டும். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முன்னுக்கு நிற்கிற இருவருக்கும் இடையே இரண்டாம் சுற்று. அதில் கிளையின் கட்டளை இல்லை. பேராளர் தன் மனம் சொன்னபடி இரகசியமாகப் போடலாம்.

லாச்சப்பல் கிளையில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துச் சனம். எல்லாரையும் சேர்த்தவர் சிவாஜினி. "பிரஜாவுரிமை இல்லாட்டி இந்த நாட்டுத் தேர்தலில உங்களுக்கு வோட் இல்லை. இந்தக் கட்சிக்குள்ள இருக்கு. வாங்கோ" என்றுதான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். வேலை முடிந்த களைப்போடு வந்தார்கள், பாவங்கள்.

இம்முறை போட்டிக்கு மூன்று பேர். அவர்களில் ஜெர்மேன் ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபது வயது. சிவாஜினி இந்த நாட்டில் இருப்பதே அவரால்தான். அகதி மனு இரண்டு தரம் மறுக்கப்பட்டு, கைக்குழந்தையோடு திகைத்து நின்றவரைத் தன் வீட்டில் வைத்திருந்து, மூன்று பனிக்காலம் பொபினி விசா அலுவலக வரிசையில் கூடவே நின்றவர் அவர். சொந்தத் தமக்கைகூட அப்படிச் செய்வாளா தெரியாது. அர்னோ உணவகத் தொழிலாளரின் சங்கத்துக்காரர். சம்பளச் சீட்டு வைத்திருக்கிற எவருக்கும் வதிவிட உரிமை வேண்டும் என்பது அவருடைய ஒரே பேச்சு. மூன்றாமவரை இந்தக் கிளையில் ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

கிளைக் கூட்டத்தில் கை உயர்த்தித்தான் வாக்கு. "ஜெர்மேனுக்கு?" என்று செயலாளர் ஜூலியன் கேட்டதும், முன்வரிசையிலிருந்த சிவாஜினி கை தூக்கினார். திரும்பிப் பார்த்தால் பின்னால் பதினெட்டுத் தமிழ்க் கைகள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜெர்மேன் வென்றார். பேராளராகச் சிவாஜினியையே தெரிவுசெய்தார்கள்.

மறுவாரம் கடைத்தெருவில் பாலச்சந்திரனைக் கண்டார். பத்து வருடமாக ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், இன்னும் விசா இல்லை.

"அர்னோ வந்தா எங்களுக்கு நல்லம் என்னக்கா?" என்றான்.

"அப்ப ஏன் நீ ஜெர்மேனுக்குத் தூக்கினனி?"

"நீங்கள் தூக்கினீங்கள். உங்களுக்கு முன்னால நான் என்னெண்டு மாறித் தூக்கிறது? மரியாதை இல்லையே."

"மற்ற ஆக்களும் அப்பிடியோ?"

"ஓம். பின்னை?" என்று சிரித்தான்.

சிவாஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. நாட்டில் ஒரு வாக்குமில்லாத மனிசன் தன்னிடமிருந்த ஒன்றையும் மரியாதைக்காகத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். அதை வாங்கி வைத்துக்கொண்டு தான் உச்சி குளிர்ந்ததை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் மனிசிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஜூலியனிடம் போய், வாக்கெடுப்பைத் திரும்ப வைக்க வேண்டும், இம்முறை சீட்டில் எழுதி இரகசியமாக, என்று பிடிவாதமாக நின்றார்.

"ஜெர்மேன் தோற்பார், தெரியுமா?" என்றார் ஜூலியன்.

"தெரியும்."

அப்படியே ஆயிற்று. அர்னோவுக்கு இருபத்தொன்று, ஜெர்மேனுக்கு ஒன்பது. வேறு யாரையாவது பேராளராக அனுப்புங்கள் என்று சிவாஜினி மன்றாடினார். ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஜெர்மேனிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கோபிக்கவேயில்லை. "கிளை சொன்னால் அது கிளையின் வாக்கு. முதல் சுற்று அவர்களுடையது" என்றார். "இரண்டாம் சுற்று உன்னுடையது."

மாநாடு பொபினியில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. முதல் சுற்றில் சிவாஜினி அர்னோவுக்குப் போட்டார். ஒருவருக்கும் பாதி தாண்டவில்லை. மிஞ்சியவர்கள் அர்னோவும் ஜெர்மேனும்.

இரண்டாம் சுற்றுக்குத் திரைச்சீலைக்குப் பின்னால் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. கையில் இரண்டு பெயர்ச் சீட்டுகள், ஒன்றைப் போட ஓர் உறை. கட்டளை முடிந்துவிட்டது, ஜெர்மேனுக்குப் போட்டாலும் துரோகமில்லை, ஒரு குருவிக்கும் தெரியவராது. ஜெர்மேனின் சீட்டைத்தான் முதலில் உறைக்குள் வைத்தார். பிறகு பாலச்சந்திரனின் நினைவு வந்தது. இதில் என் மனம் என்று தனியாக எதை வைத்திருக்கிறேன், இந்தக் கதிரையே அவர்கள் தந்ததுதானே என்று நினைத்தார். அந்தச் சீட்டை வெளியே எடுத்தார். எடுத்ததை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மற்றதை உறைக்குள் போட்டார்.

ஏழு வாக்கால் அர்னோ வென்றார்.

சனம் எழுந்து கைதட்டியபோது ஜெர்மேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே சிவாஜினியிடம் வந்தார். சிவாஜினிக்குக் கண் கலங்கியிருந்தது. வந்தவர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அழாதே. எனக்கு விழுந்த வாக்குகளில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். அது போதும்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்த வயதுபோன மனிசி நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். சிவாஜினியால் முடியவில்லை.

"இல்லை, ஜெர்மேன். இரண்டாம் தரமும் அர்னோவுக்குத்தான் போட்டேன்."

ஜெர்மேன் தான் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக விட்டார். "அர்னோவுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும்" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலுக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. பாலச்சந்திரன். பின்னால் கோப்பைகள் உருளுகிற சத்தம்.

"அக்கா, என்ன மாதிரிப் போச்சு?"

"வெண்டிட்டம்" என்றார் சிவாஜினி.

அவன் அதை உரத்துச் சொல்ல, கிச்சினுக்குள் ஆட்கள் கைதட்டுவது கேட்டது. அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.