இயந்திரம் நின்றபின் கேட்ட தட்டல்: கொட்டியாரக் குடாவில் ஒரு காலை

கடந்த ஜூன் மாதம் மூன்று நாள் விடுப்பில் திருகோணமலைக்குச் சென்றேன். கோயிலையும் வெந்நீர்க் கிணறுகளையும் பார்ப்பது என் நோக்கமன்று. அவற்றைப் பற்றி எழுதியவர்கள் பலர். என் மனைவியின் தங்கை தர்சினி அங்கே மிருக வைத்தியர். குடாவில் திரியும் ஓங்கில்களின், அதாவது டொல்பின்களின், நோய்களையும் அவற்றின் உடலில் சேரும் நச்சுப்பொருள்களையும் கண்காணிக்கும் சிறு குழுவொன்றில் பணியாற்றுகிறார். நான் வவுனியாவில், நீர் மாதிரிகள் விதிப்படி எடுக்கப்பட்டனவா என்று சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். "அத்தான், ஒருக்கா வந்து எங்கட முறையைப் பாருங்கோ. பிழை பிடிக்க உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?" என்று தொலைபேசியில் கேட்டார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். பஸ் கட்டணம் 380 ரூபா. பயண நேரம் மூன்று மணித்தியாலம். பிற்பகலில் செல்வோர் ஜூனில் இடப்பக்க இருக்கையைத் தவிர்க்கவும். வெயில் அந்தப் பக்கம்தான். நகரிலிருந்து கிண்ணியாவுக்கு முச்சக்கரவண்டியில் 2,200 ரூபா கொடுத்தேன். சீனன்குடாவைத் தாண்டுகையில் பற்றைக்காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகளின் தலைகள் தெரியும். படம் எடுக்க முன் அறிவிப்புப் பலகைகளை வாசியுங்கள். அது விமானப்படைப் பகுதி.

தர்சினியின் குழு செய்வது, வடதுருவத்தில் பனிக்கரடிகளுக்குச் செய்யப்படும் கண்காணிப்பின் சிறிய வடிவமே. கரடியாயினும் ஓங்கிலாயினும் உணவுடன் வரும் சில நச்சுகள் கரைந்து வெளியேறுவதில்லை, கொழுப்பில் தங்கிவிடுகின்றன. ஆகவே கொழுப்பில் ஒரு துண்டு கிடைத்தால், அந்த விலங்கு வாழ்ந்த கடல் இத்தனை காலம் அதற்கு என்ன ஊட்டியது என்று அறியலாம். சிக்கல், துண்டு கிடைப்பதில்தான். இக்குழுவின் அனுமதிப்பத்திரம் உயிருள்ள விலங்கை ஐம்பது மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்கிறது. விலங்கு தானாக வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். இறந்த உடலை எடுக்கலாம். தெளிவான விதிகள், எனக்குப் பிடித்திருந்தன.

நான் போய்ச் சேர்ந்த நாளில் ஒரு செய்தி காத்திருந்தது. பெண் ஓங்கில் ஒன்று இறந்த கன்றை மூன்று நாளாகத் தூக்கித் திரிகிறதாம். கன்று இறந்திருக்கிறது, தாய் உயிருடன் இருக்கிறது, இரண்டும் பிரியாமல் இருக்கின்றன. எந்த விதியின் கீழ் வருகிறது இது என்று தர்சினி கேட்டார். உயிருள்ள விலங்கின் விதியே பொருந்தும் என்றேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிண்ணியா இறங்குதுறையில் ஏறினோம். ஃபைபர் போட்டின் ஓட்டி அன்சார், கிண்ணியாவைச் சேர்ந்த மீனவர். நான் உயிர்காப்பு அங்கியின் மூன்று வார்களையும் இரண்டு முறை சரிபார்த்ததைப் பார்த்து, "சேர், அது மிதக்கும். நீங்க பயந்து என்னப் பிடிச்சி அமுக்காம இருந்தாச் சரி" என்றார்.

"நானா, அத்தான் அதுக்கும் சீல் வைப்பார். பேசாம இருங்கோ," என்றார் தர்சினி. அன்சாரை அவர் அண்ணன் முறையில் 'நானா' என்றே அழைப்பார்.

கச்சான் காற்று பத்து மணிக்குப் பிறகே எழும். அதுவரை குடா வார்த்த ஈயம்போல் அசைவற்றுக் கிடந்தது. பறவைகளைக் காணவில்லை. ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் சென்றபின் அன்சார் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு எழுந்து நின்றார்.

"போட்டில் நிற்கக் கூடாது," என்றேன்.

"ஜனாஸா போகக்குள்ள இருக்கிறல்ல, சேர். குறுக்க போறதும் இல்ல. எங்கட ஆக்கள் கடல்லயும் அப்படித்தான்." ஜனாஸா என்றால் அவர்களிடையே இறந்தவரின் உடல். சிரிக்காமல் சொன்னார்.

அப்போதுதான் கண்டேன். சாம்பல் முதுகொன்று மேலெழுந்தது. அதன் மூக்கின்மேல், தோல் உரிந்து வெளிறிய சிறிய உடல். தாய் அதை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்தது, மூச்செடுக்க விடுவதைப்போல. தாயின் மூச்சு 'புஸ்' என்று கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு சிறிய மூச்சு வர வேண்டிய இடைவெளி. மூவரும் அதற்காகக் காத்திருந்தோம் என்பதை, அது வராதபோதுதான் உணர்ந்தேன். மறுபடியும் எழுந்தது. மறுபடியும் காத்திருந்தோம்.

தர்சினி தாழ்ந்த குரலில் விளக்கினார். இந்தத் தாயின் முதுகுத் துடுப்பில் இருக்கும் வெட்டை வைத்து அவர்கள் அதை அறிவார்கள். இதுவரை கன்றுடன் கண்டதில்லை. தலைக்கன்றாக இருக்கலாம். தாயின் கொழுப்பில் பல ஆண்டுகளாகச் சேர்ந்ததில் பெரும்பங்கு பாலுடன் தலைக்கன்றுக்குத்தான் போகிறது.

அன்சார் திரும்பிப் பார்த்தார். "மனிசருக்கும் அப்படித்தானா, டொக்டர்?"

தர்சினி குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

"என்ட மகள் ரிப்காக்கு எட்டாம் மாசம். தலைப்பிள்ளை. அவ சின்னதில இருந்து தின்னுறது இந்தக் குடா மீன்தானே. இதுவும் அதத்தானே தின்னுது."

"நானா, ஒரு டொல்பினை வச்சு மகளுக்கு ஒண்டும் சொல்ல ஏலாது. மீனை நிப்பாட்ட வேண்டாம். பிறந்தாப் பால் குடுக்கிறதையும் நிப்பாட்ட வேண்டாம். கிளினிக்கில சொல்லுறதைக் கேளுங்கோ."

"அப்ப உங்களுக்கும் தெரியாது."

"ஓம். அதுக்குத்தான் இந்தக் கன்று வேணும். வெயில் ஏற ஏறப் பழுதாகும். நாளைக்கு எண்டால் ஒண்டுக்கும் உதவாது."

அதன்பிறகு தாய் கன்றுடன் எங்களை நோக்கி வந்தது. ஐம்பது மீற்றர், இருபது, ஐந்து. நாற்றம் முதலில் வந்தது. கன்றின் உடல் போட்டின் பக்கவாட்டில் மோதியது: டொக். சற்று விலகி மறுபடியும்: டொக். எதற்காக அப்படிச் செய்தது என்று எனக்குத் தெரியாது. அறிந்ததாகப் பாவனை செய்யவும் மாட்டேன். பின்னர் கன்றை அங்கேயே விட்டுவிட்டுத் தாய் ஆழத்துக்குள் சென்றது.

தாய் கைவிட்டது என்று எப்போது கொள்வது? அனுமதிப்பத்திரத்தில் இல்லை. அரைமணி நேரம் என்று நானே ஒரு விதியைச் சொன்னேன். அரைமணி கடந்தும் தாய் வரவில்லை. தர்சினியும் அன்சாரும் வலைத்துணியால் கன்றைத் தூக்கி ஐஸ் பெட்டியில் வைத்தார்கள்.

மூடியை அடைத்த பிறகு அடியிலிருந்து கேட்டது. டொக்.

இம்முறை மோதுவதற்குக் கன்று இல்லை. தாய் தன் மூக்கினால் தட்டியது, பெட்டி இருந்த இடத்துக்கு நேர்கீழே. என் பாதத்தில் அதிர்வு தெரிந்தது.

தர்சினி மூடியில் கைவைத்தார். "திருப்பிக் குடுத்துடுவமா, நானா?"

அவர் என்னைக் கேட்கவில்லை. அன்சார் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். இன்னும் இரண்டு தட்டல்கள் கேட்டன.

"வைங்க, டொக்டர்," என்றார். "எனக்குத் தெரியோணும்."

வேகமாகத் திரும்பினோம். கிண்ணியாப் பாலத்தை அண்மித்து வேகத்தைக் குறைத்தபோது மறுபடியும் அடியில் தட்டல் கேட்டது.

அன்று முற்பகல் கொட்டகையொன்றில் கன்றைப் பரிசோதித்தார்கள். கொழுப்பு, ஈரல், நுரையீரல், மூளை எல்லாவற்றிலிருந்தும் எடுத்த மாதிரிகள் குறியிடப்பட்டு முத்திரையிடப்பட்டன. முறையில் நான் ஒரு பிழையும் காணவில்லை. வயிற்றில் பால் இருந்தது. அதைக் கேட்டதும் அன்சார் வெளியே போய்விட்டார்.

இத்தகைய பயணத்தைத் திட்டமிடுவோருக்குச் சில குறிப்புகள். மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கடல் அமைதியானது. காலை ஆறுக்கு முன் புறப்பட்டுக் கச்சான் எழுமுன் திரும்பிவிடுங்கள். ஓங்கில்களைத் துரத்தும் போட்டில் ஏறாதீர்கள். கரையில் ஒதுங்கிய உடலைத் தொடாதீர்கள். அதன் நோய் உங்களுக்கும் வரலாம். வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். போட்டில் நிற்கக் கூடாது என்பது நல்ல விதி. ஆனால் ஓட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றால், பக்கவிளிம்பைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நில்லுங்கள்.

ஓகஸ்டில் அன்சார் தொலைபேசியில் பேசினார். ரிப்காவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது. "ரிசல்ட் வந்ததா, சேர்?" என்று கேட்டார். கொழுப்பு மாதிரி வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது, வரவில்லை என்றேன்.

"வந்தா எனக்குச் சொல்லுவீங்க," என்றார். பிறகு, "அந்தத் தாய் இன்னும் வருது. என்ட போட்டுக்கு மட்டும். எஞ்சினை நிப்பாட்டினாத் தட்டுது. அதுக்கு ஆரு சொல்லுற?"

ஆகவே இறுதிக் குறிப்பு. கிண்ணியாவில் நீங்கள் ஏறும் போட்டின் இயந்திரம் நின்றபின், உங்கள் பாதத்துக்குக் கீழே யாரோ தட்டுவதுபோல் கேட்டால் அஞ்ச வேண்டாம். கையைத் தண்ணீருக்குள் விட வேண்டாம். அது என்னவென்று ஓட்டியிடம் கேட்கவும் வேண்டாம்.